பதிவேட்டின் சட்டகமும் அதன் வாசகரும்: கொட்டியாரப் பற்றை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆட்சியின் வரலாற்றை எழுதப் புகுவோர் மன்னரையும் போரையும் முதலில் நாடுவது வழக்கம். ஆயின் ஆளப்பட்ட மக்கள் ஆட்சியை நேரிற் சந்தித்த இடம் பெரும்பாலும் ஒரு பதிவேட்டின் பக்கமாகவே இருந்துள்ளது. காணி எவருக்குரியது, குடும்பத்தில் எத்தனை பேர், எவர் எக்கடமைக்கு உரியவர் என்பனவற்றை ஏடு சொன்னபடியே அரசு நம்பிற்று. இத்தகைய ஏடு எதனையும் கூர்ந்து நோக்கின் இரு கூறுகளைக் காணலாம். ஒன்று, நிரை நிரையாக எழுதப்பட்ட செய்திகள். மற்றையது, அச்செய்திகளை எழுதுவதற்கென முன்னரே வகுக்கப்பட்ட தலைப்புகளும் பகுப்புகளும். பின்னையதைச் சட்டகம் எனக் குறிப்பிடலாம். செய்தி நாள்தோறும் மாறுவது. சட்டகம் அருகியே மாறுவது. ஆனால் சட்டகம் மாறும் நாளில், ஏட்டை எழுதுவோனும் வாசிப்போனும் தம் மனத்திலுள்ள சட்டகத்தையும் உடன் மாற்றிக்கொள்ளாவிடின், ஏட்டில் ஓர் எழுத்துப் பிழையுமின்றியே வாசிப்புப் பிழைத்துவிடும்.

இன்று இப்பிரச்சினை கணினித் துறைக்குரிய ஒன்றாகவே பேசப்படுகின்றது. தரவுத்தளத்தின் சட்டகம் மாறும்போது அதனைப் பயன்படுத்தும் செய்நிரலின் படமாக்கலையும் அதனோடு ஒத்திசையச் செய்வது எவ்வாறு என்பது மென்பொருள் எழுதுவோரின் அன்றாடக் கவலைகளுள் ஒன்று. எனினும் கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இக்கவலை கச்சேரிகளில் இருந்துள்ளது. திருகோணமலைத் துறைமுகத்தின் தென்கரையில் அமைந்த மூதூரும், அதனைத் தன்னுள் அடக்கிய பழைய கொட்டியாரப் பற்றும் இதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். பழைய ஏட்டு மரபும், இலங்கையில் உருவாகி உலகெங்கும் சென்ற ஒரு பேரிடர்ப் பதிவு மென்பொருளின் வரலாறும் இக்கரையில் ஒன்றையொன்று தொடுகின்றன.

திருகோணமலைப் பிரதேசம் திருகோணமலை, கட்டுக்குளம், தம்பலகாமம், கொட்டியாரம் என நான்கு பகுதிகளாக வழங்கி வந்தது. கவிராசவரோதயர் இயற்றியதாகக் கூறப்படும் கோணேசர் கல்வெட்டு, கோணேசர் ஆலயத்துக்கு எவ்வெவ்வூரவர், எவ்வெக்குடியினர், எவ்வெத்தொழும்பு செய்யவேண்டும் என வகுத்துரைப்பது. பெயர் கல்வெட்டாயினும் அது நூல். நூலாயினும் அதன் உள்ளீடு ஒரு பதிவேட்டின் உள்ளீடே. அதன் சட்டகத்தில் மனிதன் தனியனாக இடம்பெறுவதில்லை. குடியும் கடமையுமே தலைப்புகள். பின்வந்த ஐரோப்பியர் இதே மக்களைக் காணியும் வரியும் தலைப்புகளாகக் கொண்ட ஏடுகளில் எழுதினர். ஒல்லாந்தர் காலத்தில் திருகோணமலையில் அதிகாரியாயிருந்த வான் சென்டன் 1786இல் கொட்டியாரப் பகுதியிற் பயணஞ் செய்து எழுதிய நாட்குறிப்பில் ஊர்களும் வயல்களும் குளங்களும் நிரல்படுகின்றன. அதே மண், அதே மக்கள். ஆயின் கேள்வி வேறு, ஆகவே சட்டகமும் வேறு.

கொட்டியாரக் கரை ஐரோப்பிய வாசகருக்கு அறிமுகமானது றொபேட் நொக்சின் பெயராலாகும். புயலிற் பாய்மரம் இழந்து கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய ‘ஆன்’ என்னும் கப்பலின் மாலுமிகள் 1660இல் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். கப்பலின் தலைவர் றொபேட் நொக்ஸ். அவரோடு சிறைப்பட்ட மகனின் பெயரும் றொபேட் நொக்ஸ். தந்தை 1661இல் சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 1679இல் தப்பிச் சென்று 1681இல் இலங்கை பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். பெயரை மட்டும் திறவுகோலாகக் கொண்ட ஏடொன்றில் இவ்விருவரும் ஒருவராகிவிடுவர்: கப்பற்றலைவராக வந்து, பத்தொன்பது ஆண்டு சிறையிருந்து, நூலெழுதிய ஒரே மனிதர். பொதுப்பேச்சில் இம்மயக்கம் அடிக்கடி நிகழ்வதுமுண்டு. பெயர் வேறு, ஆள் வேறு என்னும் இவ்வேறுபாடு பின்னர் மூதூரில் மிகக் கசப்பான சூழலில் மீண்டும் எழுந்தது.

பிரித்தானியர் 1833இல் தீவை ஐந்து மாகாணங்களாக வகுத்தபோது திருகோணமலை கிழக்கு மாகாணத்தின் பாற்பட்டது. 1871இல் முதலாவது முறையான குடிசன மதிப்பீடு நடைபெற்றது. அதன்பின்னர் நிர்வாக அலகுகள் பன்முறை மாறின. உடையாரும் விதானையாரும் இருந்த இடத்தில் 1963இல் கிராம சேவகர் வந்தார். பிற்காலத்தில் அவரே கிராம அலுவலர் எனப்பட்டார். காரியாதிகாரி பிரிவு உதவி அரசாங்க அதிபர் பிரிவாயிற்று. 1992ஆம் ஆண்டின் சட்டத்தின்பின் பிரதேச செயலாளர் பிரிவாயிற்று. பழைய கொட்டியாரப் பற்றின் நிலப்பரப்பில் இன்று மூதூர், சேருவில, வெருகல் ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் அமைந்துள்ளன. இவற்றுள் வெருகல், ஈச்சிலம்பற்று என்னும் பெயராலும் ஏடுகளிற் காணப்படும். தேர்தற் சட்டகம் வேறொரு பாதையிற் சென்றது. இரு உறுப்பினரைக் கொண்டிருந்த மூதூர்த் தொகுதியிலிருந்து 1977ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலோடு சேருவில தனித் தொகுதியாயிற்று. ஆகவே ‘மூதூர்’ என ஓர் ஏட்டில் எழுதப்பட்டிருப்பின், அது ஊரா, தொகுதியா, பிரதேச செயலகப் பிரிவா, எந்த ஆண்டின் மூதூர் என்பதை அச்சொல் மட்டும் கூறாது.

விதானையார் என்னும் பதவி சட்டத்தில் ஒழிந்து அறுபதாண்டுகள் கடந்த பின்னரும் ஊரார் கிராம அலுவலரை ‘விதானையார்’ என்றே அழைத்தல் இங்குக் குறிப்பிடத்தக்கது. அரசு சட்டகத்தை மாற்றியது. வாசகன் தன் மனத்திலுள்ள பழைய தலைப்பையே புதியதன்மீது ஒட்டிக்கொண்டான். பேச்சில் இதனால் தீங்கில்லை. காணி உறுதிகளில் நிலைமை வேறு. உறுதி எழுதும் நொத்தாரிசு, முன்னைய உறுதியின் அட்டவணையை வரிக்கு வரி பின்பற்றுதல் மரபு. அதனால் நிர்வாகத்தில் வழக்கொழிந்த பற்றுப் பெயர்கள் உறுதிகளில் உயிரோடிருக்கின்றன. அன்றியும் காணியின் எல்லைகள் ‘வடக்கு இன்னார் காணி, கிழக்கு ஒழுங்கை’ என அயலவர் பெயராற் குறிக்கப்படுவன. அயலவர் தம் காணியை விற்றவுடன் இவ்வெல்லை பொய்யாகிவிடும். ஆயினும் அதனைத் திருத்துவார் எவருமில்லை. ஒரு செய்தியை அதற்குரிய ஓரிடத்தில் மட்டும் எழுதாது பல இடங்களிற் படியெடுத்து வைப்பதனால் விளையும் இடர்ப்பாட்டுக்கு இதனிலும் தெளிவான சான்று கிடைப்பதரிது.

காணிப் பதிவகத்தார் இவ்விடர்ப்பாட்டின் ஒரு பகுதியை உணர்ந்தே இருந்தனர். ஒரு காணிக்கென ஒதுக்கப்பட்ட ஏட்டுப் பக்கம் நிரம்பியதும் வேறொரு பக்கம் திறக்கப்படும். அப்போது பழைய பக்கத்தில் ‘இன்ன பக்கத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது’ என்றும், புதிய பக்கத்தில் ‘இன்ன பக்கத்திலிருந்து கொண்டு வரப்பட்டது’ என்றும் எழுதப்படும். பழைய பக்கம் கிழிக்கப்படுவதில்லை. தேடுவோன் எப்பக்கத்தில் நுழைந்தாலும் முன்னும் பின்னும் நடந்து செல்லலாம். அதுபோலவே நிர்வாக எல்லை மாற்றங்கள் அரசாங்க வர்த்தமானியில் இலக்கமும் திகதியும் இட்டு வெளியாயின. சட்டகத்தின் இன்றைய நிலையை மட்டும் வைத்திராது, அது மாறிவந்த வரிசையையும் ஓர் ஏடாக வைத்திருத்தல் என்னும் கருத்து இவ்விரண்டிலும் உண்டு. எனினும் வர்த்தமானி வெளியான மறுநாள் ஏடுகள் தாமாகத் திருந்திவிடுவதில்லை. பழையதற்கும் புதியதற்குமிடையே பாலமாக இருந்தவர் கச்சேரியின் அனுபவமிக்க எழுதுவினைஞரே. ‘இது முன்னர் கொட்டியாரப்பற்று எனப்பட்ட ஊர், இப்போது அந்தப் பிரிவின் கோப்பில் தேடவேண்டும்’ என்னும் அறிவு அவர் மூளையில் இருந்தது. அவர் இளைப்பாறியபோது அதுவும் உடன் சென்றது.

அந்த எழுதுவினைஞரின் வேலையைச் செய்நிரலொன்றிடம் ஒப்படைக்க முயன்றதே ஓ.ஆர்.எம். எனப்படும் படமாக்கல் முறையின் வரலாறாகும். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கார் கொட் 1970இல் வெளியிட்ட கட்டுரையில், தரவுகள் அனைத்தையும் நிரையும் நிரலும் கொண்ட அட்டவணைகளாகக் கருதலாம் என்றும், அவை எவ்வாறு சேமிக்கப்படுகின்றன என்பதை வினவுவோன் அறியத் தேவையில்லை என்றும் நிறுவினார். அட்டவணைகளின் தலைப்புகள், அவற்றிடையேயான உறவுகள், கட்டுப்பாடுகள் ஆகியனவே இங்குச் சட்டகம். கொட்டின் கட்டுரைக்குச் சில ஆண்டுகள் முன்னரே நோர்வேயில் டாலும் நிகார்டும் ‘சிமுலா’ மொழியினூடாக வேறொரு நோக்கை முன்வைத்திருந்தனர். உலகிலுள்ள பொருளொன்றையும் அது செய்யும் செயல்களையும் ஒன்றாகக் கட்டி ஒரு பொருளுருவாகச் செய்நிரலில் வைத்தல் அந்நோக்கு. எழுபதுகளில் செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் உருவான ‘ஸ்மோல்டோக்’ அதனை முழுமைப்படுத்தியது.

இரு நோக்குகளும் தத்தம் இடத்திற் சிறந்தனவே. ஆனால் ஒரே வேலையில் இரண்டும் சேரும்போது பிணக்கு எழுகின்றது. பொருளுரு நோக்கில் ‘குடும்பம்’ என்பது உறுப்பினரைத் தன்னுள் ஏந்தி நிற்கும் ஒரு முழுமை. அட்டவணை நோக்கில் குடும்பம் ஓர் அட்டவணையில் ஒரு நிரை. உறுப்பினர் வேறோர் அட்டவணையிற் பல நிரைகள். ஒவ்வொரு நிரையிலும் குடும்பத்தின் இலக்கம். ஒன்றிலிருந்து மற்றையதற்கு ஓயாது பெயர்த்துக்கொண்டிருக்க ஓர் இடையாள் தேவை. கனடாவில் தோன்றிய ‘டொப்லிங்க்’, 2001இல் கவின் கிங் தொடக்கிய ‘ஹைபர்னேற்’ முதலியன இவ்விடையாளின் தொழிலை ஏற்றன. இன்ன வகைப் பொருளுரு இன்ன அட்டவணைக்குரியது, இன்ன பண்பு இன்ன நிரலுக்குரியது என ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால், மிகுதிப் பெயர்ப்பு வேலையை அது செய்துவிடும்.

இங்கேதான் பழைய கச்சேரியின் கவலை புதிய உருவில் மீள்கின்றது. சட்டகம் இப்போது ஈரிடத்தில் எழுதப்பட்டுள்ளது: தரவுத்தளத்தில் ஒன்று, படமாக்கலில் அதன் பிரதி. எல்லைக் காணிக்காரரின் பெயரைப் போன்றே, ஓரிடத்தில் மாறியது மற்றையதில் மாறாதிருக்கலாம். புதிய நிரலொன்று தரவுத்தளத்திற் சேர்க்கப்பட்டால் செய்நிரல் அதனைக் காணாது. செய்நிரல் எதிர்பார்க்கும் நிரல் நீக்கப்பட்டிருப்பின் வேலை நின்றுவிடும். நின்றுவிடுவது நல்ல பிழை என்றே கொள்ளவேண்டும். எவரும் உடனே அறிவர். நில்லாது தவறாக ஓடுவதே கேடு.

இதற்குத் தோன்றிய முதல் தீர்வு கவர்ச்சியானது. செய்நிரலிலுள்ள வரைவிலக்கணத்தைத் தரவுத்தளத்தோடு பொறியே ஒப்பிட்டு, வேறுபாடு காணப்படின் தரவுத்தளத்தைத் தானே திருத்திவிடும். ஹைபர்னேற்றில் இத்தகைய ‘புதுப்பி’ என்னும் தெரிவு உண்டு. ஆனால் அது இல்லாத நிரலைச் சேர்க்குமேயன்றி, பழைய நிரலை நீக்காது, பெயர் மாற்றத்தையும் உணராது. உணராமைக்குக் காரணம் ஆழமானது. நேற்றைய சட்டகத்தில் ‘ஈச்சிலம்பற்று’ என ஒரு தலைப்பு இருந்தது. இன்றைய சட்டகத்தில் அது இல்லை, ‘வெருகல்’ என ஒன்று உண்டு. இரண்டு நிலைகளையும் அருகருகே வைத்து நோக்கும் பொறிக்கு இரு விளக்கங்கள் சமமாகவே பொருந்தும்: ஒன்றின் பெயர் மாறியது, அல்லது ஒன்று ஒழிந்து, அதனோடு தொடர்பற்ற வேறொன்று தோன்றியது. முதலாவதாயின் உள்ளீடு அனைத்தும் காக்கப்படவேண்டும். இரண்டாவதாயின் பழைய உள்ளீட்டுக்கு இடமில்லை. எது உண்மை என்பது அவ்விரு சட்டகங்களில் எழுதப்பட்டிருப்பதில்லை; மாற்றியவரின் கருத்திலேயே இருக்கின்றது.

ஆகவே கருத்தையே எழுதிவைக்கும் முறை வந்தது. ‘ரெயில்ஸ்’ என்னும் செய்நிரற் சட்டகத்தில் 2005 அளவில் இடம்பெற்ற ‘மைக்ரேசன்’ ஏற்பாட்டின்படி ஒவ்வொரு மாற்றமும் தனிக் கோப்பாக எழுதப்படும். 1, 2, 3 என இலக்கமிடப்படும். தான் எத்தனையாவது மாற்றம்வரை ஏற்றுக்கொண்டுள்ளது என்பதைத் தரவுத்தளம் தனக்குள்ளேயே ஓர் அட்டவணையிற் குறித்துவைக்கும். வர்த்தமானியையும், ‘கொண்டு செல்லப்பட்டது’ என்னும் ஏட்டுக் குறிப்பையும் ஒன்றாக்கினாற் பெறப்படுவது இதுவே. வர்த்தமானிக்கில்லாத ஒரு பண்பும் இதற்குண்டு: அறிவித்தலும் நிறைவேற்றமும் ஒரே கோப்பில் அமைந்துள்ளன. ஒரு சிக்கலும் விரைவிலேயே வெளிப்பட்டது. வெவ்வேறிடத்திலிருந்து வேலைசெய்யும் இருவர் ஒரே காலத்தில் ஒரே இலக்கத்தைத் தத்தம் மாற்றத்துக்கு இட்டுவிடுவர். 2008இல் வெளியான பதிப்பில் வரிசை இலக்கத்துக்குப் பதிலாக ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகியனவற்றாலான முத்திரை வந்தமை இதனாலேயே. ‘ஜாங்கோ’ என்னும் மற்றொரு சட்டகத்துக்கென அன்ட்ரூ கொட்வின் உருவாக்கிய ‘சவுத்’ என்னும் துணைக்கருவி, 2014இல் ஜாங்கோவின் உள்ளேயே இடம்பெற்ற ஏற்பாட்டுக்கு வழிகோலியது. இவ்வேற்பாடு மாற்றங்களைத் தானே கண்டறிந்து கோப்பெழுதித் தரும். ஆனால் ஒரு புலம் மறைந்து ஒத்த வகைப் புலமொன்று தோன்றியிருப்பின், ‘பெயரை மாற்றினீரா?’ என எழுதுவோனைக் கேட்டு நிற்கும். பொறி தன் எல்லையை உணர்ந்து மனிதனிடம் திரும்பும் இடம் அது.

ஸ்கொட் அம்ப்ளரும் பிரமோத் சடலகேயும் 2006இல் வெளியிட்ட தரவுத்தளச் சீரமைப்புப் பற்றிய நூல் இன்னொரு படி முன் சென்றது. பெரிய ஏடொன்றை ஒரே தரவுத்தளத்தினூடாகப் பல செய்நிரல்கள் வாசிக்கும். அனைத்தையும் ஒரே நாளில் மாற்றல் இயலாது. ஆகவே பழைய சட்டகமும் புதியதும் சில காலம் உடன்வாழவேண்டும். மூதூர்ப் பெயர்களைக் கொண்டு இதனை விளக்கலாம். ஓர் ஏட்டில் ‘முழுப்பெயர்’ என ஒரே நிரல் இருக்கின்றது எனவும், அதனைத் ‘தந்தை பெயர்’, ‘சொந்தப் பெயர்’ என இரண்டாக்கத் தீர்மானிக்கப்பட்டது எனவும் கொள்வோம். முதலிற் புதிய இரு நிரல்களும் வெறுமையாகச் சேர்க்கப்படும். பழையது அவ்வாறே இருக்கும். அடுத்து, புதிதாக எழுதப்படும் ஒவ்வொரு பெயரும் மூன்று நிரல்களிலும் எழுதப்படும். பின்னர் பழைய நிரைகள் சிறிது சிறிதாகப் பிரித்து நிரப்பப்படும். ‘கணபதிப்பிள்ளை கந்தசாமி’ என்பதில் முன்னது தந்தை பெயர். ‘அப்துல் காதர்’ என்பதோ இரு சொல்லாயினும் ஒருவருடைய ஒரே பெயர். இடைவெளி கண்ட இடத்தில் வெட்டும் செய்நிரல் காதரை அப்துலின் மகனாக்கிவிடும். இத்தகையன ஊரறிந்த ஒருவரின் கண்ணுக்கென ஒதுக்கிவைக்கப்படல் வேண்டும். வாசிக்கும் செய்நிரல்கள் யாவும் புதிய நிரல்களுக்கு மாறிய பின்னரே பழைய நிரல் நீக்கப்படும். முதலில் விரித்தல், இறுதியிற் சுருக்குதல் என்னும் இம்முறை மெதுவானது. சில வாரங்களோ மாதங்களோ எடுப்பது. இடையில் எந்நாளிலும் ஏடு மூடப்படுவதில்லை என்பதே அதன் பெறுமதி.

2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இலங்கைக் கரைகளைத் தாக்கி 30,000க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோது ஏடு மூடப்படாதிருத்தலின் பொருள் தெளிவாயிற்று. மூதூர்க் கரையும் வெருகற் கரையும் அதற்குத் தப்பவில்லை. காணாமற்போனோர், முகாமிலுள்ளோர், உதவி கொண்டு வரும் நிறுவனங்கள் எனப் பதியவேண்டியவை ஒரே வேளையிற் குவிந்தன. திருகோணமலை மாவட்டத்தைப் பொறுத்தவரை ஒப்பிடுவதற்கான அடிப்படை ஏடே பழையது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். 1981இன் பின் 1991இல் குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்றது வடக்குக் கிழக்கின் பெரும்பகுதியில் முழுமை பெறவில்லை. ஆகவே முகாமில் ஒருவரைப் பதிந்த தொண்டருக்கு, அவர் முன்னர் எந்த ஏட்டில் இருந்தார் என ஒத்துப்பார்க்க இருபத்துமூன்று ஆண்டுக்கால இடைவெளி தடையாக நின்றது.

கொழும்பில் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் என்னும் அமைப்பைச் சூழ்ந்திருந்த மென்பொருளாளர்கள் சஞ்சீவ வீரவரண, சமிந்திர டி சில்வா முதலியோரின் முன்னெடுப்பில் சில வாரங்களுக்குள் ஒரு பதிவு முறையை எழுதிமுடித்தனர். நிவாரணம் எனப் பொருள்படும் ‘சஹன’ என்னும் சிங்களச் சொல் அதற்குப் பெயராயிற்று. அரசின் தேசிய நடவடிக்கை நிலையத்தில் அது பயன்பட்டது. அவசரத்தில் எழுதப்பட்டதாதலின் அந்நாளின் தேவைக்கென வகுத்த சட்டகத்தை வேறு நாட்டின் வேறு இடருக்கு எடுத்துச் செல்லுதல் எளிதாயிருக்கவில்லை. 2005இல் சுவீடிஷ் அரசின் உதவி நிறுவனத்தின் ஆதரவோடு அது அடியிலிருந்து மீள எழுதப்பட்டது. அவ்வாண்டு பாகிஸ்தான் பூகம்பத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் சஹன பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயனுடைய திட்டத்துக்கென சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருதும் அதற்குக் கிடைத்தது. இலங்கையில் உருவான மென்பொருள்களுள் இவ்வாறு உலகின் துயரத்துக்குத் துணைநின்றவை மிகச் சில.

மீள எழுதப்பட்ட சஹனவின் அடித்தளத்தில் கவனிக்கத்தக்க முடிவொன்று உண்டு. ஆள் ஒவ்வொருவருக்கும் பெயரோடு தொடர்பற்ற தனித்த அடையாளக் குறியீடு வழங்கப்பட்டு, ஏனைய அட்டவணைகள் அக்குறியீட்டையே பற்றி நின்றன. பெயரை எழுதும் முறை மாறினாலும், பெயர் திருத்தப்பட்டாலும், ஆள் சிதைவதில்லை. இரு நொக்ஸ்களும் இருவராகவே இருப்பர்.

அடுத்த பெருமாற்றம் 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தது. பைதன் மொழியில், மசிமோ டி பியரோ உருவாக்கிய ‘வெப்டூபை’ என்னும் சட்டகத்தின்மீது ‘சஹன ஈடன்’ எழுதப்பட்டது. 2010இன் ஹெயிற்றிப் பூகம்பம் அதன் முதற்பெரும் சோதனையாயிற்று. வெப்டூபை, அட்டவணையின் வரைவிலக்கணத்தைச் செய்நிரலில் ஒருமுறை எழுதினாற்போதும் என்னும் கொள்கையுடையது. முன்னைய வரைவிலக்கணத்தை ஒரு கோப்பிற் காத்துவைத்து, புதியதோடு ஒப்பிட்டுத் தரவுத்தளத்தைத் தானே திருத்திக்கொள்ளும். இடர் நிகழ்ந்த மறுநாள் புதிய தேவைக்கேற்பப் புலங்களைச் சேர்க்க இது பேருதவி. ஆனால் மேற்சொன்ன பெயர்மாற்ற மயக்கம் இதற்குமுண்டு. ஆதலால் ஈடனில் இத்தன்னியக்கத் திருத்தத்தை நிறுத்திவைக்கும் தெரிவொன்று அமைக்கப்பட்டது. எழுதும் காலத்தில் திறந்து வைத்து, மக்களின் உண்மைத் தரவு வந்த பின் மூடிவிடலாம்.

ஈடனின் வேறொரு ஏற்பாடு கொட்டியாரப் பற்றின் வரலாற்றை அறிந்தோருக்குச் சிறப்பாகச் சுவை தருவது. மாகாணம், மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு என்னும் பெயர்கள் அதன் சட்டகத்தில் நிரல்களாக வைக்கப்படவில்லை. நாடு பூச்சிய நிலை. அதன்கீழ் ஒன்றாம் நிலை, இரண்டாம் நிலை எனப் படிகள். ஒவ்வொரு நாட்டிலும் எந்நிலைக்கு என்ன பெயர் என்பது ஓர் அட்டவணையில் எழுதப்பட்ட வெறும் செய்தி. காரியாதிகாரி பிரிவு உதவி அரசாங்க அதிபர் பிரிவானால் திருத்தப்படுவது ஒரு நிரை மட்டுமே. சட்டகத்தையும் படமாக்கலையும் தொடவேண்டியதில்லை. அடிக்கடி மாறுவது எதுவோ அதனைச் சட்டகத்திலிருந்து இறக்கிச் செய்தியாக்கிவிடுதல், இரண்டையும் ஒத்திசையச் செய்யும் வேலையையே குறைத்துவிடுகின்றது. ஆட்பெயரிலும் இத்தகைய நெகிழ்ச்சி காணப்படுகின்றது. முதற்பெயர், நடுப்பெயர், கடைப்பெயர் என மேனாட்டு வழக்கில் மூன்று புலங்கள் இருப்பினும், கடைப்பெயர் கட்டாயமா அன்றா என்பதை நாட்டுக்கேற்பத் தெரிவு செய்யலாம். குடும்பப் பெயரற்ற சமூகத்தவர் படிவத்தை நிரப்புவதற்கெனவே ஒரு பெயரைப் புனைய வேண்டியதில்லை.

இம்முறையிலும் தீராதன உண்டு. 2006 ஆகத்தில் மூண்ட போரால் மூதூர் மக்கள் கந்தளாய் முதலிய இடங்களுக்கு ஓடினர். பேரலையால் ஒருமுறை முகாம் கண்டவர் சிலர் போரால் மறுமுறை முகாம் கண்டனர். ஒருவருக்கு ஒரு முகாம் எனக் கொண்ட ஏட்டில், கந்தளாய் முகாமை எழுதினால் மூதூர் முகாம் அழிந்துவிடும். ஒருவர் பல முகாம்களில், பல காலங்களில் இருக்கலாம் எனச் சட்டகத்தை விரிப்பின், ‘இவருடைய முகாம் எது?’ என வினவும் பழைய செய்நிரல் ஒவ்வொன்றும் பொருளிழக்கும். இது பெயர்மாற்றத்திலும் கடினமானது, வினாவே மாறிவிட்டது. ‘மைக்ரேசன்’ என்பதைத் தமிழில் ‘இடப்பெயர்வு’ எனப் பெயர்க்கும் கலைச்சொல்லாளர், கொட்டியாரக் கரையில் அச்சொல் எதனை நினைவூட்டும் என்பதை எண்ணிப் பார்த்திருப்பரோ என்பது ஐயமே.

சட்டகம் சிறிதும் மாறாதிருந்தும் ஒத்திசைவு குலைந்த நிகழ்வொன்று தமிழேடுகளுக்கே உரியது. இலங்கை அலுவலகங்களில் நெடுங்காலம் தமிழ் ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டது. அவற்றில் தமிழாகத் தோன்றுவது கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துகளின் வரிசையாகவே கிடக்கும். ஒருங்குறி வழக்குக்கு வந்தபோது ‘பெயர்’ என்னும் நிரல் பெயரும் வகையும் நீளமும் மாறாது அவ்வாறே நின்றது. படமாக்கலைச் சட்டகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் எக்கருவியும் குறை காணாது. ஆயினும் ஒரே நிரலில், மேல் நிரைகள் பாமினியிலும் கீழ் நிரைகள் ஒருங்குறியிலும் இருக்கும். ஒருவரின் பெயரை ஒருங்குறியில் தேடினால் அவர் பழைய ஏட்டில் இல்லை என விடை வரும். அவரோ அதே நிரலில், அதே பெயரில், சில நிரைகள் மேலே இருப்பார். இத்தகைய ஏடுகளை மாற்றுவோர், எந்த நிரை எவ்வெழுத்துருவில் எழுதப்பட்டது என்பதைக் குறிக்கும் தனி நிரலொன்றை முதலிற் சேர்த்து, ஒவ்வொரு நிரையாக ஒருங்குறிக்கு மாற்றி, இறுதியில் அந்நிரலை நீக்குதல் வேண்டும். 2012இல், முப்பத்தொரு ஆண்டுகளின் பின், திருகோணமலை மாவட்டம் முழுவதும் மீண்டும் எண்ணப்பட்டது. அதற்கு முந்திய நிவாரண ஏடுகளை அதனோடு ஒப்பிட முனையும் ஆய்வாளர், ஆட்களின் எண்ணிக்கையை நோக்குமுன் எழுத்துகளின் இவ்வடுக்கைப் பிரித்துக்கொள்ள வேண்டியவராயுள்ளார்.